அம்மாவின் 63 பாடல்கள் போன பிறகு பேக்கப் தேடிய கதை

"நீக்கிய கோப்புகளை 30 நாள் வரைதான் வைத்திருப்போம். உங்கள் கோப்புறை நீக்கப்பட்டு 47 நாள் ஆகிறது."

கிளவுட் சேமிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து இந்தப் பதில் வந்தபோது இரவு பதினொரு மணி. வேறு வழியே இல்லையா என்று நான்கு விதமாகக் கேட்டேன். நான்கு முறையும் இதே இரண்டு வரிகள் வந்தன. பிறகு உரையாடலை மூடிவிட்டார்கள்.

அந்தக் கோப்புறையில் அம்மா பாடிய 212 பாடல்கள் இருந்தன. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. 2016 முதல் 2018 வரை, ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துப் பதிவு செய்தவை. ஒவ்வொரு பதிவிலும் முதலில் தொண்டையைச் செருமும் ஓசை கேட்கும், பிறகு "பாடலாமா?" என்று என்னைக் கேட்பார், அதன்பிறகுதான் பாட்டு. 2020-இல் அம்மா காலமாகிவிட்டார்.

நான் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு செய்கிறேன். கணினி எனக்குப் புதிதல்ல. பணம் கட்டி 2 டி.பி. (சுமார் 2,000 ஜி.பி.) கிளவுட் இடம் வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் பத்திரமாக மேலே இருக்கிறது என்று ஆறு ஆண்டுகள் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் தவறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அக்கா வீட்டு டேப்லெட்டிலும் என் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன், அக்காவும் பாட்டுகளைக் கேட்கட்டும் என்று. டேப்லெட்டில் இடம் போதவில்லை என்று அக்கா மகன் பெரிய கோப்புறைகளாகப் பார்த்து நீக்கியிருக்கிறான். டேப்லெட்டில் மட்டும்தான் அழியும் என்று பையன் நினைத்தான். அவன் மேல் தவறில்லை. அந்தத் திரையில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. அங்கே நீக்கியது கிளவுடில் நீங்கியது. கிளவுடில் நீங்கியது என் லேப்டாப்பிலும் நீங்கியது. எந்த எச்சரிக்கையும் என் கண்ணில் படவில்லை. 47 நாள் கழித்து அம்மாவின் திதிக்காக ஒரு பாட்டைத் தேடியபோதுதான் தெரிந்தது.

கிளவுட் சேமிப்பு என்று நாம் வாங்குவது பெரும்பாலும் ஒத்திசைவு. எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலைமையை வைத்திருப்பது அதன் வேலை. ஓரிடத்தில் சேர்த்தால் எங்கும் சேரும். ஓரிடத்தில் அழித்தால் எங்கும் அழியும். பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் என்ற தீநிரல் புகுந்துவிட்டால், பூட்டிய கோப்பையே மேலேயும் ஏற்றிவைக்கும். பேக்கப் சேவைக்கு வேலை வேறு. அது கணினியிலிருந்து ஒரு வழியாக நகல் எடுத்து, பழைய பதிப்புகளையும் நாம் அழித்தவற்றையும் குறிப்பிட்ட காலம் வரை தனியாக வைத்திருக்கும். முன்னது வேலை செய்வதற்கு, பின்னது இழந்ததை மீட்பதற்கு. இரண்டிற்கும் விளம்பரத்தில் ஒரே மேகப் படத்தைப் போடுகிறார்கள். ஒத்திசைவுச் சேவைகள் சிலவற்றின் அமைப்புப் பக்கத்திலேயே "பேக்கப்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

கிளவுடில் போனாலும் லேப்டாப்பில் ஏதாவது தடயம் இருக்குமே என்று நினைத்தேன். உழவன் விரைவு ரயிலில் இரவு ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் கடைகள் திறக்கும்வரை லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தரவு மீட்புக் கடைக்காரர் நேர்மையான மனிதர். லேப்டாப்பைத் திருகாணி கழற்றக்கூட இல்லை. "எஸ்.எஸ்.டி.யா?" என்று கேட்டார், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் வகையா என்று. ஆம் என்றேன். "கோப்புகளை லேப்டாப்பிலேயே வைத்திருந்தீர்களா, இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைப் போட்டிருந்தீர்களா?" என்றார். அதைப் போட்டிருந்தேன். நெடுநாள் திறக்காத கோப்பின் பெயர் மட்டும் லேப்டாப்பில் தெரியும். உள்ளே இருப்பது மேலே போய்விடும்.

"அப்படியானால் ஒன்றும் கிடைக்காது, சார். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்தாலும் அதன்மேல் வேறொன்று எழுதும்வரை தரவு தங்கியிருக்கும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்று ஒரு கட்டளை உண்டு. காலியான இடத்தை அது உடனுக்குடன் துடைத்துவிடும். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து இதையே சொல்வதில் எனக்கு விருப்பமில்லை" என்றார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்கலாம் என்று ஊர் ஊராக அலைய நினைப்பவர்கள் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மீண்டவை எல்லாம் மனிதர்களிடமிருந்து மீண்டவை. நாட்டார் பாடல்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் முன்பு பென் டிரைவில் 61 பாடல்களை வாங்கிப் போயிருந்தார். கேட்ட அன்றே அனுப்பிவைத்தார். அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு உறவினர்களுக்குக் கொடுத்த டிவிடிகளில் மேலும் 88 கிடைத்தன. அம்மா நாற்று நட்டுக்கொண்டே பாடும் 7 ஜி.பி. வீடியோ, அதை எடுத்த சித்தப்பா மகனிடம் இருந்தது. 212-இல் 149 கிடைத்தன. மற்ற 63 போனது போனதுதான்.

அதன்பிறகுதான் பேக்கப் சேவையை ஒழுங்காகத் தேடினேன். இலவச இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூகுள் 15 ஜி.பி. தருகிறது, அதிலேயே ஜிமெயிலும் போட்டோஸும் அடங்கும். ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. கூகுள் போட்டோஸில் படங்களை அளவில்லாமல் ஏற்றும் சலுகையும் 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. ஒத்திசைவுக்கு இவை மூன்றும் நல்ல சேவைகளே. வேலைக்கு நான் இன்றும் ஒத்திசைவைத்தான் பயன்படுத்துகிறேன். அச்சகத்துக்குப் பெரிய கோப்பு அனுப்ப அதைவிட எளிதான வழி இல்லை.

பேக்கப் சேவைகளில் இரண்டு வழிகள் உண்டு. கணினி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அளவு பார்க்காமல் எடுத்துக்கொள்வது ஒன்று, பேக்பிளேஸ் அப்படி. இத்தனை டி.பி. என்று இடத்தை வாங்கி, எத்தனை கருவிகளை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்வது இன்னொன்று, ஐடிரைவ் அப்படி. ஒரே கணினியில் எல்லாம் இருப்பவருக்கு முதல் வழி மலிவு. வீட்டில் நான்கைந்து கருவிகள் இருந்தால் இரண்டாவது. நான் எடுத்தது இந்த இரண்டும் அல்லாத வேறொன்று.

விலைப் பட்டியலை விடுங்கள். அழித்த கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள். 30 நாள் என்றால் எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். ஓராண்டாவது வேண்டும். அடுத்து, வெளி ஹார்டு டிஸ்க் சேருமா என்று பாருங்கள். சேரும் என்று போட்டிருந்தாலும், 30 நாளுக்கு ஒருமுறையாவது அதைக் கணினியில் இணைக்க வேண்டும், இல்லையேல் அதன் நகல் நீக்கப்படும் என்று சில சேவைகளின் நிபந்தனைகளில் இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டிய டிஸ்க் மேலே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

சேவையைத் தேர்ந்தெடுத்த பிறகு பணம் கட்டுவதில் ஒரு வாரம் போனது. டாலரில் கட்ட வேண்டியிருந்தது. டெபிட் கார்டை மூன்று முறை நிராகரித்தது. வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே, "வெளிநாட்டுப் பரிவர்த்தனையா? விண்ணப்பம் எழுதி, பான் கார்டு நகலும் பாஸ்புக் நகலும் வைத்துக் கொடுங்கள்" என்றார். கொண்டுபோனேன். மறுநாள், அதைப் பார்க்கும் அலுவலர் விடுப்பு என்றார்கள். மூன்றாம் நாள், விண்ணப்பமே காணவில்லை என்றார்கள். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் எழுந்து வந்து, "சார், உங்கள் போனைக் கொடுங்கள்" என்று வாங்கி, வங்கியின் செயலியிலேயே கார்டு அமைப்புக்குப் போய் ஒரு பொத்தானை நகர்த்தினார். அவ்வளவுதான். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையில்தான் வருகின்றன. நாமேதான் திறந்துகொள்ள வேண்டும். மூன்று நாள் அலைந்த வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

கட்டணத்தோடு என் வங்கி 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுத்தது. இன்னொரு முக்கியமான செய்தி: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் முதல், தானாகக் கழியும் கட்டணங்களுக்கு முன்அனுமதி பதிந்திருக்க வேண்டும். அந்த முறைக்குள் வராத வெளிநாட்டு நிறுவனம் கட்டணத்தை எடுக்க முயன்றால் அது வங்கியிலேயே நின்றுபோகும். கட்டணம் நின்றால் சில நாள் பார்த்துவிட்டு நகலை அழித்துவிடுவார்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன், சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியிலும்.

ஏற்றும் வேலை தனியாக ஒரு பொறுமைச் சோதனை. என்னிடம் மொத்தம் 430 ஜி.பி. என் இணைப்பில் பதிவிறக்கம் நொடிக்கு 50 மெகாபிட்; பதிவேற்றம் 10 மட்டுமே. இடைவிடாமல் ஓடினாலே நான்கு நாள். மின்வெட்டும் பகல் வேலையும் சேர்ந்து பதினோரு நாள் ஆனது. முதல் நாளே லேப்டாப் தானாகத் தூங்கிவிடும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். அது தெரியாமல் இரண்டு இரவுகளை இழந்தேன். எது முதலில் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வசதி இருந்தது. அம்மாவின் பாட்டுகளை முதலில் அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் திரையில் பச்சை நிறத்தில் "உங்கள் கோப்புகள் அனைத்தும் பாதுகாப்பாக உள்ளன" என்று வந்தது. ஒருமுறை நம்பிக் கெட்டவன் நான். அக்கா வீட்டுக் கணினியில் அதே கணக்கைத் திறந்து, எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். பாட்டுகள் 149-உம் வந்தன. புகைப்படங்கள் வந்தன. நாற்று நடும் வீடியோ வரவில்லை.

தேடித் தேடிக் கடைசியில் உதவிப் பக்கம் ஒன்றின் அடியில் கண்டுபிடித்தேன்: 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்புகள் தானாகச் சேராது. ஒவ்வொன்றையும் நாமே குறித்துச் சேர்க்க வேண்டும். "அனைத்தும்" என்று பச்சையில் எழுதியவர்கள் இதை அந்தத் திரையிலேயே எழுதியிருக்க வேண்டாமா? அன்று நான் மீட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், என்றோ ஒருநாள் லேப்டாப் பழுதாகும்போதுதான் தெரிந்திருக்கும். பேக்கப் எடுக்கும் எல்லோரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரமே வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். உங்கள் கோப்புகளில் மிகப் பெரியது எது, மிக அருமையானது எது என்று பார்த்து அந்த இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். விலக்கப்படும் கோப்பு வகைகளின் பட்டியல் அமைப்புக்குள் எங்காவது இருக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

கோப்புகளைப் பூட்டித் திறக்கும் கடவுச்சொல் போன்ற தனிப்பட்ட குறியாக்கச் சாவி வேண்டுமா என்று தொடக்கத்தில் கேட்பார்கள். வேண்டும் என்றால் நிறுவனத்தாராலும் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சாவியை மறந்துவிட்டால் மீட்டுத் தர யாராலும் ஆகாது. நான் அமைத்துக்கொண்டேன். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று.

சேவையும் நிரந்தரமல்ல. கிராஷ்பிளான் என்ற பேக்கப் சேவையை வீட்டுப் பயனாளர்களுக்கு நிறுத்தப்போவதாக 2017-இல் அறிவித்தபோது, பல ஆண்டுகளாக அதை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. புகைப்படக்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கைத்தான் இப்போது பின்பற்றுகிறேன்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். லேப்டாப்பில் ஒன்று, மாதம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பேக்கப் சேவையில் ஒன்று. ஒத்திசைவை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அக்காவின் டேப்லெட்டில் இப்போது கேட்க மட்டும் முடியும், நீக்க முடியாது. பகிர்வில் பார்வை உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். ஆறு ஆண்டுக்கு முன்பே அதைச் செய்திருக்கலாம்.

போன 63 பாடல்களின் பட்டியல் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, முதல் அடியும் பதிவு செய்த தேதியுமாக. சென்ற மாதம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "தம்பி, இதில் இருபது பாட்டாவது எனக்கும் தெரியும்" என்றாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏழு பாடினாள். தொடங்கும் முன் அவளும் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இரவே ஏழையும் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கிலும் நகலெடுத்தேன். மீட்புப் பக்கத்தைத் திறந்து ஏழையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கேட்டுவிட்டுப் படுக்கும்போது மணி ஒன்றரை.