தொடங்கும்போது எவ்வளவு இருந்தது?

போன வாரம் கோத்தகிரியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தார். கேரட்டைத் தரம் பிரித்து மண்டிக்கு அனுப்பச் சொல்லி ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தவர். அதை ஒரு தகவல் தொடர்பு விருதுக்கு அனுப்பப் போகிறார். "அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கோப்பை நீட்டினார். முதல் பக்கம் முழுக்க எத்தனை நோட்டீஸ், எத்தனை கூட்டம் என்ற கணக்குதான். எனக்கு என் முதல் விண்ணப்பம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எங்கள் வேலை, சிறு தேயிலை விவசாயிகளிடம் நல்ல கொழுந்தாகப் பறிக்கச் சொல்வது. நானும் நோட்டீஸைத்தான் எண்ணினேன். பத்திரிகைச் செய்திகளை ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ரூபாய்க் கணக்கும் எழுதினேன். அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று 2010-லேயே பார்சிலோனா கோட்பாடுகள் சொல்லிவிட்டன; தகவல் தொடர்பு வேலையின் பலனை எப்படி அளப்பது என்று அந்தத் துறையினர் வகுத்த நெறிகள் அவை. நான் படித்திருக்கவில்லை. விருது கிடைக்கவில்லை. நடுவர் குறிப்பில் ஒரு கேள்வி: நல்ல கொழுந்து முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு?

பதில் ஃபாக்டரியிலேயே இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சாக்கை விரித்து உட்காருவார். வந்து இறங்கும் இலையில் அங்கங்கே ஒவ்வொரு பிடி எடுப்பார். கொழுந்தோடு இரண்டு மூன்று இளம் இலை இருந்தால் இந்தப் பக்கம், முற்றின இலையும் காம்பும் அந்தப் பக்கம். விரல்கள்தான் பார்க்கும், கண் அவ்வளவாகப் பார்க்காது. இரண்டு குவியலையும் நிறுத்தால் நூற்றுக்கு எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை பிரச்சாரம் தொடங்குவதற்கு முன்பே அந்த எண்ணை வாங்கி வைத்தோம்.

அப்புறம் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், உட்கார்ந்து பேசினோம். நல்ல இலை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போகிறது, அதற்குள் இலை முற்றிவிடுகிறது. நாங்களோ தோட்டக்காரர் கையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். பறிக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அவர்களோடு உட்கார்ந்து முறை போட்டு, எந்த நாள் யார் தோட்டம் என்று படுகு மொழியிலேயே சொன்னோம். அந்த வருஷம் விருது வந்தது.

பெரிய போட்டிகளிலும் இதையேதான் பார்க்கிறார்கள். தகவல் தொடர்புத் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஐஏபிசி (IABC) தரும் கோல்டு குவில் விருதில் அச்சடித்த படைப்பை மட்டும் அனுப்பினால் போதாது. என்ன தேவை, யாருக்காக, என்ன இலக்கு, என்ன மாறியது என்று வேலைத் திட்டமும் எழுத வேண்டும். 7-க்கு மதிப்பெண். ஒரு பதிவை இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை, தரத்தை எட்டினால் விருது. இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சின்ன அமைப்புக்கும் இதில் நியாயம் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது. "தொடங்கும்போது எதையும் அளக்கலையே அக்கா."

"மண்டிச் சீட்டு இருக்குமே?"

மேட்டுப்பாளையத்தில் மூட்டை வாரியாக விலை எழுதித் தரும் சீட்டை எங்கள் ஊர்க்காரர்கள் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். நேற்று இரவு போன் செய்தார். நாலு வீட்டிலிருந்து இரண்டு வருஷச் சீட்டு கிடைத்திருக்கிறதாம்.