கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

எழுத்தாளர்கள் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது என்னதான் எழுதுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமே எழுதுவதில்லை. 'அன்புடன்', 'வாழ்த்துகளுடன்', கொஞ்சம் தெரிந்தவர் என்றால் 'பிரியமுடன்', கீழே ஒரு கிறுக்கல், தேதி, அவ்வளவுதான். ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும், பதிப்பக அரங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி நாலு பேர் செல்ஃபிக்கு நிற்பார்கள், ஐந்தாவது ஆள் புத்தகத்தை நீட்டி "பேர் போட்டுக் குடுங்க சார்" என்பார். அந்த நெரிசலில் கவிதையா எழுத முடியும்?

எனக்கு 'அன்புடன்' போதும். ஆனால் பெயர் சரியாக இருக்க வேண்டும். "லட்சுமியா, லக்ஷ்மியா?" என்று ஒரு நொடி நிறுத்திக் கேட்டு எழுதுகிறவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்காமல் தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டால், வேறு யாருக்கோ கொடுத்த புத்தகம் நம் கைக்கு வந்த மாதிரி இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் வரிசையில் நிற்கும்போதே ஊழியர் பெயரைக் கேட்டு, ஒட்டுச்சீட்டில் எழுதி, கையெழுத்துப் போடும் பக்கத்தில் ஒட்டிவிடுவார். நம்மூரிலும் செய்யலாம், பெரிய செலவில்லை.

பழம்புத்தகம் சேகரிப்பவர்களின் கணக்கே வேறு. முன்பின் தெரியாத ஒருவர் பெயர் இருந்தால் பலரும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், வெறும் கையெழுத்துதான் அவர்களுக்கு வசதி. அதுவே பிரபலமானவரின் பெயர் என்றால் விலை எகிறும். அமெரிக்கப் பயண எழுத்தாளர் பால் தெரூ, தான் நாவலாசிரியர் வி.எஸ். நைபாலுக்கு எழுதிக் கொடுத்த தன் புத்தகமே 1500 டாலருக்கு விற்பனைக்கு வந்திருப்பதை 1996இல் ஒரு விற்பனைப் பட்டியலில் பார்த்தார். முப்பது வருட நட்பு முறிந்த கதையில் இதுவும் ஒரு அத்தியாயம். 2011இல் பிரிட்டனில் நடக்கும் ஹே இலக்கிய விழாவில்தான் இருவரும் மறுபடி கைகுலுக்கிக்கொண்டார்கள். (பழைய புத்தகக் கடையில் போடுமுன் முதல் பக்கத்தைக் கிழிப்பவர்கள் ஒருவேளை விவரம் தெரிந்தவர்களோ என்னவோ.)

இயந்திரங்களும் இதில் வந்துவிட்டன. கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2006இல் அறிமுகப்படுத்திய கருவியில், எழுத்தாளர் ஓர் ஊரில் இருந்துகொண்டு வீடியோவில் வாசகரோடு பேசியபடியே இன்னோர் ஊரில் இருக்கும் புத்தகத்தில் எழுதலாம். அதையாவது ஒத்துக்கொள்ளலாம், பெயரைக் கேட்கிறார் இல்லையா? 2022இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தானே கையெழுத்திட்டதாக விற்ற அவர் புத்தகத்தின் 599 டாலர் பிரதிகளில் இருந்ததோ இயந்திரம் தானாகப் போட்ட கையெழுத்து. வாங்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள், பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார்.

நான் தேதியோடு ஊரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்பேன். சிலர் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள், சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை. அப்புறம், பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள், ஜெல் பேனா வேண்டாம். வழவழப்பான தாள் என்றால் மை காய்வதற்குள் மூடிக் கொடுத்துவிடுவார்கள், எதிர்ப்பக்கம் முழுக்க ஈஷிவிடும்.