மூன்றாவது பெயருக்கு மூன்று புள்ளி

பல்கலைக்கழக ஆசிரியர்களின் பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். அதிக நேரம் எடுப்பவை, மொழி கற்பித்தல் போன்ற நடைமுறைத் தேவைகளுக்காக மொழியை ஆராயும் பயன்பாட்டு மொழியியல்காரர்களின் கோப்புகள்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, மொழி, கலைப் புலங்களில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் எழுதினால் ஆளுக்கு 7. மூவர் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்கு 3. பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் பேராசிரியராக உயர 110 வேண்டும். கணக்குப் போடுவது எளிது.

ஆனால் இந்தத் துறையின் பாதி வேலை வகுப்பறையில் நடக்கிறது. ஒரு கோப்பு இன்னும் மனதில் நிற்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கும்போது எங்கே திணறுகிறார்கள் என்ற ஆய்வு. ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தில் இறக்கியிருந்தார் அந்த அம்மா. 'பள்ளம்' 'பல்லம்' ஆன இடம், ஒற்று விடுபட்ட இடம், பிள்ளை மூச்சு வாங்கி நின்ற இடம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. ஆசிரியர்களுக்கு ஒரு கையேடும் தயாரித்திருந்தார். கட்டுரையில் அவர் பெயர் மூன்றாவது. ஆக 3 புள்ளி. கையேட்டைப் புள்ளிப் பட்டியலின் 'புதுமையான கற்பித்தல் முறை' என்ற வரியில் சேர்க்கலாமா என்று வெகுநேரம் பேசினோம். பதிவுத் தொகுப்புக்கோ வரியே இல்லை. அடுத்து வருகிற ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்தப்போவது அந்தத் தொகுப்பைத்தான்!

மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ்.பிரபுவின் பெங்களூர்த் திட்டம், அதாவது செயல்கள் வழியாக ஆங்கிலம் கற்பித்துப் பார்த்த முயற்சி, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது. அதைப் பற்றிய அவருடைய நூல் 1987இல்தான் வந்தது. செயல்வழியாக மொழி கற்பிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் திட்டத்திடம் போகிறார்கள். அவ்வளவு பொறுமைக்கு இன்றைய புள்ளிப் பட்டியல் இடம் தருமா?

பிரிட்டனிலும் புள்ளிக் கணக்கு உண்டு. ஆனாலும் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளந்த 2021 மதிப்பீட்டில், ஆய்வு சமூகத்தில் உண்டாக்கிய தாக்கத்துக்கு 25 சதவீதம் கொடுத்தார்கள். வகுப்பறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய ஆதரவு.

இங்கேயும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தரமான ஆய்விதழ்கள் என்று தானே ஏற்றுத் தொகுத்திருந்த 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டது. நல்ல இதழ் எது என்பதை இனி நிறுவனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சுமைதான். ஆனால் பட்டியலில் டிக் அடித்துவிட்டு நகர முடியாது, கட்டுரையைப் படித்தாக வேண்டும் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அந்தக் கோப்பில் புள்ளியை எங்களால் மாற்ற முடியவில்லை. பதிவுகளைக் கேட்ட பிறகு, தொகுப்பின் தரத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சேர்த்தோம். மொழித் தரவுத் தொகுப்புக்குத் தனி வரி வேண்டும் என்று துறைக் கூட்டத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.