அம்மான் வீட்டு மீன்தொட்டி

மூணு வருஷத்துக்கு முன்னால் தேவகோட்டையில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டாலையில் ஒரு ஸ்டூல் மேல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே ரெண்டு தங்கமீன். தம்பி மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக யாரோ வாங்கிக் கொடுத்தது. தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது. மீன் ரெண்டும் மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்துப் போய், “அயித்தை, பாருங்க, எனக்கு முத்தம் குடுக்குது” என்றான்.

அது முத்தம் இல்லை, மூச்சுத் திணறல் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக மீன் வளர்க்கிறேன். மீன் செவுள் வழியாக விடுகிற அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது மீனுக்கே விஷம். தங்கமீன் மற்ற மீன்களைவிட அதிகமாகக் கழிக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேறவே ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். அந்தக் கிண்ணத்தில் ஃபில்டரே இல்லை. எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. “விருந்தாடி போன வீட்டுல சோத்துல கல்லு கெடந்தாலும் ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிடணும்” என்பாள் எங்கள் அப்பத்தா. அப்படியே வளர்ந்துவிட்டேன்.

அடுத்த வாரமே ரெண்டும் செத்துப்போயின. “முத்தம் குடுத்துக்கிட்டே இருந்துச்சு அயித்தை” என்று போனில் அழுதான். சோற்றுக் கல் என் வாயோடு போகிற விஷயம். இது அப்படி இல்லை. அதை அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.

இந்தத் தடவை பிள்ளையார் நோன்புக்குப் பள்ளத்தூர் அம்மான் வீட்டில் கூடினோம். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். இருபத்தோரு இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு எழுந்ததும், அம்மான் எல்லாரையும் வளவுக்கு அழைத்துப் போனார்கள். தூண் ஓரமாக ரெண்டடித் தொட்டி. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன தங்கமீன்கள், அஞ்சு. அம்மானுக்கு எழுபத்திரண்டு வயசு. விடியக்காலம் எழுந்து முதலில் தொட்டிக்குத்தான் லைட் போடுவார்களாம்.

ரெண்டடித் தொட்டியில் அம்பது லிட்டர் தண்ணி நின்றாலே அதிகம். அஞ்சு தங்கமீனுக்கு அது காணாது. வாரம் ஒருமுறை தண்ணி முழுவதையும் மாற்றுகிறார்கள், பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கிப் பிழிகிறார்கள்; அதில் குடியேறிய பாக்டீரியாவும் அதோடு போய்விடும். ஒன்றொன்றாகக் கண்ணில் பட்டது. அத்தனை சொந்தக்காரர் நிற்கிற இடத்தில், தன் கையால் வளர்க்கிறவரிடம் இதை எடுத்துச் சொன்னால் அது மீனுக்காகச் சொன்னதாக இருக்காது. பேசாமல் நின்றேன்.

அப்போது அம்மான் சொன்னார்கள், “நத்தையும் நாலு இருந்துச்சு. ஏன்னு தெரியல, ஒரே வாரத்துல அம்புட்டும் போச்சு.”

நத்தை அவ்வளவு லேசில் சாகாது. மீன் தாங்கமுடியாத தண்ணியில்கூட ஊர்ந்துகொண்டிருக்கும். மீன் உயிரோடு இருக்க, நத்தை மட்டும் கூட்டமாகச் செத்தால் முதலில் செம்பைத்தான் சந்தேகப்படணும். நத்தையை ஒழிக்க விற்கிற மருந்துகளிலேயே செம்பு உண்டு.

சாயங்காலம் அயித்தைக்கு ஒத்தாசையாக இரண்டாங்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் பித்தளை அண்டா, விளிம்பில் அயித்தை பேர் வெட்டியது, கல்யாணச் சீர். புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாய் மின்னியது. உள்ளே நிறைய குழாய்த் தண்ணி.

“இது எதுக்கு அயித்தை?”

“அம்மானோட மீனுக்குத்தாத்தா. குளோரின் போகணும்னு ஒரு நா முழுக்கப் பிடிச்சு வைக்கச் சொன்னானாம் மகன். பிளாஸ்டிக்ல வைக்க எனக்கு மனசு வரல.”

பிடித்து வைத்தது சரி. பாசத்தில்தான் பித்தளையில் வைத்திருக்கிறார்கள். பித்தளை பாதிக்கு மேல் செம்புதான். புளி போட்டுத் தேய்த்தால் மேல்படலம் போய் உலோகம் பச்சையாகத் தண்ணியைத் தொடும். ஒரு நாள் கிடந்தால் துளித்துளியாக இறங்கும். மனுஷருக்கு ஒன்றும் செய்யாத அளவே நத்தைக்கு எமன், மீனின் செவுளையும் அரிக்கும். இதை எப்படிச் சொல்வது?

“அயித்தை, ஈயம் பூசாத அண்டாவுல புளிக்கொழம்பு வைப்பீங்களா?”

“வைப்பனா? களிம்பு ஏறிப்போகுமே.” சொன்ன வாயோடு கை நின்றுவிட்டது. அண்டாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “தண்ணிக்குமா ஏறும்?”

“நமக்குத் தெரியாத அளவு ஏறும். அதுக்கு உடம்பு முழுக்கத் தண்ணிலதான அயித்தை.”

வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணியைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, மாடியில் கிடந்த பிளாஸ்டிக் டிரம்மை எடுத்துவரச் சொன்னார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அயித்தை சொல்லியிருக்கிறார்கள். “அப்ப அந்த நத்தையெல்லாம் நாந்தான் கொன்னேனாத்தா?” என்று கேட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லவும் முடியவில்லை. “தெரியாம நடந்தது அம்மான். நான் முதல் வருஷம் பதினோரு மீனைச் சாகக் கொடுத்தவ” என்றேன். அதுதான் உண்மை. ரொம்ப நேரம் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நெரிசலையும் பஞ்சையும் பற்றி அன்றைக்குப் பேசவில்லை.

போன வாரம் அம்மானிடமிருந்து போன். “ஏத்தா, தண்ணிய முழுசா மாத்தாம கொஞ்சம் விட்டு மாத்தலாமாமே, நெசமா?”

நிஜம்தான் என்றேன். வாரத்துக்குக் கால்வாசி எடுத்தால் போதும், பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியிலேயே அலசுங்கள் என்றேன். “இரு, எழுதிக்கிறேன்” என்றவர்கள், பேனா தேடப் போனது போனில் கேட்டது. தை பிறந்ததும் பெரிய தொட்டியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலு நத்தையும் கொண்டுவா என்றார்கள்.