எல்.கே.ஜி.யும் ஒரு மொழம் கனகாம்பரமும்

ஜூன் மாசம் எங்க ஸ்கூல்ல ரெண்டு தடவ அழுகை வரும். மொத அழுகை எல்லா ஊர்லயும் உள்ளதுதான், ஸ்கூல் தொறந்த அன்னைக்கு கேட்டுகிட்ட அம்மா புடவைய ரெண்டு கையாலயும் புடிச்சிகிட்டு கத்துறது, ஆயாம்மா தூக்கிட்டு உள்ள வர்றது, ஒன்னு அழுதா பக்கத்துல இருக்கறதும் எதுக்குன்னே தெரியாம கூட சேர்ந்து அழறது. ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிடும். அப்பாடான்னு நாங்க மூச்சு விடுறப்ப ரெண்டாவது அழுகை ஆரம்பிக்கும் பாருங்க, அது சென்னை காசிமேடு மீன்பிடி ஹார்பர் பக்கத்துல வேல பாக்குற டீச்சருங்களுக்குதான் தெரியும்.

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும். போட்டுக்கு போற அப்பாங்க எல்லாம் அந்த ரெண்டு மாசம் கரையிலதான் இருப்பாங்க, வலை பின்னிகிட்டு, இன்ஜின் வேல பாத்துகிட்டு. அதனால ஸ்கூல் தொறந்த மொத ரெண்டு வாரம் புள்ளைய கொண்டாந்து விடுறது, கூட்டிட்டு போறது, சாயங்காலம் சமோசா வாங்கி தர்றது எல்லாம் அப்பாதான். திடீர்னு ஒரு நாள் அப்பா காணும். கடலுக்கு போயிட்டாரு, வர நாளாகும். மூனரை வயசு புள்ளைக்கு கடலும் தெரியாது நாளும் தெரியாது, ஸ்கூலுக்கு வந்ததாலதான் அப்பா போயிட்டாருன்னு அது கணக்கு போடும். நான் 2009ல இந்த வேலைக்கு வந்தப்ப தடை 45 நாள்தான், மே கடைசியிலயே போயிடுவாங்க, இந்த பிரச்சனையே இல்ல. 2017ல 61 நாளா ஆக்குனதுக்கு அப்புறம்தான் இந்த ரெண்டாவது அழுகை. எந்த ட்ரெய்னிங்லயும் இத சொல்லித்தரல, ரெண்டு வருஷம் மண்டைய பிச்சிகிட்டு அப்பால ஒரு ஆயாம்மா சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது.

இப்ப அந்த அப்பாங்ககிட்ட ஜூன் ஆரம்பத்துலயே சொல்லிடுவேன், அண்ணா, நீங்க கெளம்பறதுக்கு முந்தின நாள் புள்ளைய ஒரு தடவ ஹார்பருக்கு கூட்டிட்டு போய் போட்ட காட்டுங்க, இதுலதான் அப்பா போவேன், மீன் புடிச்சிட்டு வருவேன்னு சொல்லுங்க, தூங்குறப்ப நைசா எழுந்து போயிடாதீங்கன்னு. சில பேர் செய்வாங்க. செஞ்ச வீட்டு புள்ளைங்க அழாதுன்னு சொல்ல மாட்டேன், அழும், ஆனா அப்பாவ ஸ்கூல்ல தேடாது.

அம்மாக்களும் இதே தப்ப வேற மாதிரி பண்ணுவாங்க. "கடைக்கு போயிட்டு வந்துடறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு சந்துல ஓடிடுறது. அந்த நிமிஷம் தப்பிச்சாச்சு, சரி. மறுநாள்ல இருந்து அம்மா பாத்ரூம் போனாக்கூட புள்ள பின்னாலயே போகும். மணி தெரியாத வயசு, பன்னெண்டு மணிக்கு வரேன்னா அதுக்கு ஒன்னும் வெளங்காது. "நீ சாப்புடுவ, அப்பறம் படம் வரைவ, அப்பறம் பெல்லு அடிக்கும், அம்மா கேட்டுல நிப்பேன்"னு சொல்லணும், சொன்னா மாதிரி நிக்கவும் நிக்கணும். எது முன்ன எது பின்னன்னு புள்ள கத்துக்கற மொத பாடமே இதுதான், நோட்டுல வராத பாடம்.

நோட்டுன்னதும் ஞாபகம் வருது. ஆகஸ்ட் ஆனா போதும், வாசல்ல நிறுத்தி கேப்பாங்க, "இன்னா மிஸ்ஸு, மூணு மாசமா வர்றான், ஒரு ஏபிசிடி எழுத மாட்றான், பக்கத்து வூட்டு பையன் வேற ஸ்கூலு, அவன் நூறு வரைக்கும் எழுதறான்." ஃபீஸ் கட்டுறவங்க, அதுவும் மூட்ட தூக்கி, மீன் வித்து, வீட்டு வேல செஞ்சு கட்டுறவங்க, நோட்டு நெறைஞ்சாதான் காசு வீண் போகலன்னு நெனைக்கறாங்க, அத நான் தப்பு சொல்ல மாட்டேன். மேனேஜ்மென்ட்டும் அதே அவசரத்துலதான் இருக்கும். ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன், கர்வ் முடிக்கறதுக்குள்ளயே "ஏ எப்ப ஆரம்பிக்கறீங்க"ன்னு ரவுண்ட்ஸ் வந்துடுவாங்க. யு.கே.ஜி.ல கர்சிவ் வேற.

ஆனா கை ஒன்னு இருக்கே. நம்ம மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு இருக்கு, எல்.கே.ஜி. வயசுல அதுல பாதி இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கும், எலும்பா ஆகி முடிய இன்னும் பல வருஷம் ஆகும். அந்த கைய புடிச்சு நாலு கோடு நோட்டுல பத்து பக்கம் எழுதுன்னா விரல் வெள்ளையாயிடும், பென்சில முஷ்டிக்குள்ள வச்சு அழுத்தி எழுதும், பேப்பர் கிழியும். நம்ம 'அ'வ ஒரு தடவ மெதுவா எழுதி பாருங்க, ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுத்த கோடு, கடைசியில ஒரு நின்ன கோடு, நடுவுல எத்தன எடத்துல கைய திருப்ப வேண்டியிருக்குன்னு. அதுக்கு 'ட'வும் 'ப'வும் எவ்ளோ தேவல, நேர்கோடுதான். மொத எழுத்து 'அ'ங்கறதுக்காக மொதல்ல எழுத வேண்டியதும் அதுதான்னு யார் சொன்னாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

இதெல்லாம் இவ்ளோ தெளிவா இப்ப பேசறேன், ஆனா ஆரம்பத்துல நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்கு வந்த நாலாவது வருஷம்னு நெனைக்கறேன், ஒரு பொண்ணு, பேரு வேணாம், ரொம்ப அமைதி. எழுதவே எழுதாது. பென்சில கைல குடுத்தா மேசை மேல வச்சிட்டு ஜன்னல பாக்கும். நான் டைரில செவப்பு பேனாவால எழுதி அனுப்புனேன், வீட்ல தெனம் எழுத வைக்கவும்னு. மறுநாளும் எழுதல, மறுபடி எழுதினேன், ரெண்டு அடிக்கோடு வேற போட்டேன். மூணாவது நாள் அது வந்தப்ப முழங்காலுக்கு மேல கரண்டி காம்பு தடம் நீளமா செவந்து கெடந்துச்சு. எதுவும் சொல்லல அது. டைரிய எடுத்து பையில ரொம்ப அடில, துணிக்கு கீழ ஒளிச்சு வச்சிருந்துச்சு.

அடிச்சது அவங்க அம்மா, ஆனா அடிக்க வச்சது என்னோட செவப்பு பேனா. அன்னைக்கு சாயங்காலம் கூப்பிட வந்தது பாட்டி. அவங்க கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் கூடை வச்சு பூ விக்கறவங்க. நான் தயங்கி தயங்கி பேச ஆரம்பிச்சா அவங்க என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, "தே டீச்சரு, கை வராதுன்னு யாரு சொன்னா, காலைல நாலு மணிக்கு எங்கூட உக்காந்து அதுதான் பூ அடுக்குது, வந்து பாரு"ன்னாங்க. கோவத்துல சொன்னாங்களோ நெசமாவே கூப்டாங்களோ தெரியல, ஒரு ஞாயித்துக்கெழம நெசமாவே போயிட்டேன்.

பிளாட்ஃபாரத்துல ஒரு ஈரத்துணி, அதுல கனகாம்பரம் குமிச்சு வச்சிருக்கு. கனகாம்பரம் எப்பேர்ப்பட்ட பூ, கொஞ்சம் அழுத்தினா நசுங்கிடும், காம்பு நூல் மாதிரி. இந்த பொண்ணு கட்டவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் வச்சு காம்புல புடிச்சு ரெண்டு எடுக்குது, தலை இந்த பக்கம் வச்சு பாட்டிகிட்ட நீட்டுது, அடுத்த ரெண்டு தலை அந்த பக்கம். ரெண்டு இப்படி, ரெண்டு அப்படி, நடுநடுவுல ஒரு மரிக்கொழுந்து. ஒரு எடத்துல கூட மாறல. பாட்டி பேசிகிட்டே வாழநார்ல முடிச்சு போட்டுட்டே போறாங்க, நிமிந்து கூட பாக்கல, அவ்ளோ நம்பிக்கை. நான் கிளாஸ்ல கலர் மணி வச்சு பேட்டர்ன் சொல்லித்தர்றேன்னு முக்கிகிட்டு இருந்தேன், இங்க நடந்துகிட்டிருந்தது அதுதான். பென்சில் புடிக்க வேண்டிய அதே மூணு விரல்தான் இங்க வேல செஞ்சிகிட்டு இருந்துச்சு.

மறுநாள்ல இருந்து அதுக்கு பென்சில் கெடையாது. மண் தட்டு குடுத்தேன், விரலால எழுதற மாதிரி. நம்ம ஊருக்கு இது ஒன்னும் புதுசில்ல, விஜயதசமிக்கு அரிசில எழுத வைக்கறோமே அதே சங்கதி. ட்ரெய்னிங்ல ஒரு மேடம் சொன்ன கத எனக்கு ரொம்ப புடிக்கும், 1789ல எழும்பூர் ராணுவ அனாதை பள்ளிக்கு பொறுப்பா இருந்த ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு வெள்ளக்காரர் இங்க திண்ணை பள்ளிக்கூடத்துல புள்ளைங்க மண்ணுல விரலால எழுதறத பாத்துட்டு, அதையும், பெரிய புள்ள சின்ன புள்ளைக்கு சொல்லித்தர்ற முறையையும் தன் ஸ்கூல்ல கொண்டு வந்தாராம், அப்பறம் அது இங்கிலாந்துக்கு போயி 'மெட்ராஸ் சிஸ்டம்'னே பேர் வாங்குச்சாம். நம்ம ஊர் பேர்ல சீமைக்கு போன மண்ணு, நாம அத மறந்துட்டு மூனரை வயசுக்கு நாலு கோடு நோட்டு வாங்கி அட்டை போட்டுகிட்டு இருக்கோம். சரி விடுங்க, அத சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

டைரில செவப்பு பேனா அன்னையோட நின்னுது. குறை சொல்லணும்னா நேர்ல, அதுவும் புள்ள பக்கத்துல இல்லாதப்பதான்.

வீட்ல என்ன பண்ணலாம்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது எதுவுமே காசு செலவு வைக்காது, அதனாலயோ என்னவோ யாரும் நம்ப மாட்டாங்க. பூண்டு உரிக்க விடுங்க. காய வச்ச துணிக்கு கிளிப்பு மாட்ட விடுங்க, கிளிப்ப அழுத்துற விரல் நாளைக்கு பென்சில் புடிக்கும். சப்பாத்தி மாவுல ஒரு உருண்ட அதுக்குன்னு குடுங்க. தண்ணி லாரி வர்றப்ப எத்தன கொடம் நம்மளது, எத்தன பக்கத்து வூட்டுதுன்னு எண்ண சொல்லுங்க, நூறு வரைக்கும் ஒப்பிக்கற புள்ள ஏழு கொடத்த தொட்டு எண்ண தெரியாம நிக்கறத நான் பாத்திருக்கேன். சட்ட பட்டன அதுவே போடட்டும், பத்து நிமிஷம் ஆகும்தான், ஆட்டோ ஹாரன் அடிப்பான், அதனால முந்தின நாள் சாயங்காலமா பழக்குங்க. ஒன்னுக்கு வந்தா சொல்ல பழக்குங்க, வெக்கப்பட்டுகிட்டு அடக்கி வச்சிருந்து நனைச்சிட்டு நாள் பூரா தலைய குனிஞ்சிருக்கற புள்ளைக்கு எந்த ரைம்ஸும் மண்டைல ஏறாது.

பால்வாடில இருந்து வர்ற புள்ளைங்கள பத்தி ஒன்னு சொல்லணும். நம்ம ஆளுங்க பால்வாடின்னா ஏதோ கம்மியா பாப்பாங்க. என் கிளாஸ்ல வரிசையில நின்னு கை கழுவி, தட்டு எடுத்து வச்சு, கீழ சிந்தாம சாப்பிடறது யாருன்னு பாத்தா பெரும்பாலும் அந்த புள்ளைங்கதான். 2019ல கவர்மென்ட்டே நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருந்த 2,381 அங்கன்வாடில எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க, நான் கூட ரெண்டு மூணு பெத்தவங்கள அந்த பக்கம் அனுப்பிருக்கேன், எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைய தொலைச்சிடுவாங்க.

அப்பறம் போன். போன் இல்லாம ஒரு வாய் எறங்காதுன்னு சொல்ற வீடு இப்ப ரொம்ப அதிகம். ஒரு பையன எழுந்து நின்னு எதாவது சொல்லுடான்னா, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சுது, கிளாஸே சிரிச்சுது, நானும்தான் சிரிச்சேன். ஆனா நேத்து ராத்திரி என்ன சாப்ட்டன்னு கேட்டா பதில் வரல. ஏன்னா யாரும் அதுகிட்ட கேட்டதில்ல. வீட்ல இங்கிலீஷ் பேசணும்னு சில அம்மாங்க கஷ்டப்பட்டு "வாட்டர் குடி, ரைஸ் சாப்டு"ன்னு பேசுவாங்க, பாவமா இருக்கும். இன்னாடா பண்ண இன்னிக்கி, யாராண்ட சண்ட போட்ட, அப்பால என்னாச்சுன்னு உங்க பாஷையில கேளுங்கம்மா, அது முழுசா ஒரு கத சொல்லி முடிக்கட்டும், இங்கிலீஷ நாங்க பாத்துக்கறோம்.

அந்த பூக்கார பாட்டி பேத்தி கதைய முடிக்கலையே. மண் தட்டுல இருந்து சாக்பீஸு, சாக்பீஸ்ல இருந்து கிரையான்னு மெதுவா வந்துச்சு, ஜனவரி வாக்குல பென்சில தானா எடுத்துச்சு. அதவிட அந்த வருஷத்துல எனக்கு மறக்காதது வேற. ஒரு நாள் நான் நோட்டு திருத்திகிட்டு இருக்கேன், அது எழுந்து போயி கரும்பலகைய மொழம் போட ஆரம்பிச்சிடுச்சு, முழங்கை வச்சு, விரல் நுனில சாக்பீஸ் கோடு கிழிச்சு, மறுபடி அங்க முழங்கை வச்சு. "மிஸ், போர்டு ஒம்போது மொழம்"னுச்சு. பின்னால இருந்து கொஞ்சம் வளந்த பையன் ஒருத்தன் வந்து அளந்தான், எட்டு வந்துச்சு. சண்ட. நீ தப்பு, நீதான் தப்புன்னு ரெண்டும் மாத்தி மாத்தி அளக்குது, மத்ததுங்க எல்லாம் பெஞ்ச அளக்குது, கதவ அளக்குது, என்னைய கூட அளக்க வந்துச்சு ஒன்னு. ரைம்ஸ் பீரியடு போயே போச்சு. சத்தம் கேட்டு எட்டிப்பாத்த வாட்ச்மேன் தாத்தாவ கூப்ட்டு, தாத்தா நீங்க அளங்கன்னேன். அவர் ஒன்னும் புரியாம சட்டைய மடிச்சிகிட்டு அளந்தாரு, அஞ்சரைதான் வந்துச்சு.

பையன், "தாத்தா ஏமாத்தறாரு"ன்னான். இது கொஞ்ச நேரம் அவர் கையவே பாத்துச்சு, தன் கைய பக்கத்துல வச்சு பாத்துச்சு, அப்பறம் எங்கிட்ட வந்து ரகசியமா சொல்லுச்சு, "மிஸ், பூ வாங்கறதா இருந்தா தாத்தாகிட்ட வாங்குங்க, எங்க பாட்டிகிட்ட வாங்காதீங்க."