செவ்ரலே வோல்ட்: பெட்ரோலும் மின்சாரமும்

2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரலே வோல்ட் கார் மீது எனக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு. அதன் 16 கிலோவாட் மணி பேட்டரியை 240 வோல்ட் இணைப்பில் சுமார் 4 மணி நேரம் சார்ஜ் செய்தால், ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வரை பெட்ரோலே செலவாகாமல் ஓடும், அதன்பின் 1.4 லிட்டர் இன்ஜின் தானே இயங்கி, பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தருவதால், நடுவழியில் நின்றுவிடுமோ என்ற கவலைக்கு இடமில்லை. அலுவலகம் அருகிலிருப்பவர்கள் மாதக்கணக்கில் பெட்ரோல் பங்க் பக்கமே போகாமல் இருக்கலாம். அப்படித் தேங்கும் பெட்ரோல் கெட்டுவிடும் என்பதால், ஓராண்டு பழையதானதும் கார் தானாகவே இன்ஜினை ஓட்டி அதை எரித்துவிடும். இந்த முன்யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. பேட்டரி நடுவில் நீண்டு கிடப்பதால் பின்னிருக்கையில் இருவர்தான் அமர முடியும் என்பது உண்மையிலேயே குறைதான். வீட்டில் சார்ஜ் செய்ய வசதியில்லாதவர் இதை வாங்குவதில் பொருளில்லை.