காற்றுக்கு எதிரே ராணி

ஜனவரி 4, ஞாயிறு

விடியும் முன்பே கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டிப் போய்விட்டோம். வெயில் ஏறும்வரை சேர்வராயன் சரிவிலிருந்து குளிர்காற்று கீழே இறங்கும். அதற்கு எதிரே ஓடவிட்டால்தான் ராணியின் மூக்குக்கு வேலை. அவள் பாயிண்டர்: மறைந்திருக்கும் பறவையின் வாசனை எட்டியதும், பாய்ந்து பிடிக்காமல் அசையாமல் நின்று காட்டவேண்டிய நாய். அதற்கென்றே போட்டி உண்டு, அந்த முறையில்தான் இந்தப் பயிற்சி. வெயில் வந்துவிட்டால் காற்று திசைமாறி மலையேறும், நாயும் குழம்பும்.

அந்தப் பக்கம் கவுதாரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பது மட்டுமல்ல, விரட்டுவதும் வேட்டைதான். அதனால் சோளம் அறுத்த காட்டில், சோளத்தட்டைக்குள் மறைத்துவைத்த கம்பிக்கூண்டில் பண்ணை ஜப்பான் காடை.

ஜனவரி 11, ஞாயிறு

ராணி நின்றாள்! ஓடிய வேகத்தில் உடம்பு பாதி வளைந்தபடியே உறைந்துவிட்டாள். முன்னங்கால் ஒன்று மடங்கி, வால் விறைத்து, மூக்குத்துளை மட்டும் துடிக்கிறது. வாயோரம் எச்சில் ஒழுகியதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

கன்னி இன வேட்டை நாய் வைத்திருக்கும் பக்கத்துக் காட்டுப் பெரியவர் வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்தார். “ஏந்தம்பி, நின்னுக்கிட்டே இருக்குது, புடிக்காதா?”

“புடிச்சா தோத்துருங்கய்யா.”

சிரிசிரியென்று சிரித்தார். முயல் துரத்தும் நாயையே பார்த்த கண்ணுக்கு இது என்ன கூத்தோ!

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பயிற்சி இல்லை. பாதத்தில் நெருஞ்சி முள் எடுத்து, காதில் உண்ணி பார்த்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

1865இல் இங்கிலாந்தின் சவுத்ஹில்லில் தொடங்கிய போட்டி இது. அமெரிக்காவின் தேசியப் போட்டி டென்னசியின் ஏம்ஸ் பண்ணையில். இரண்டு நாய்கள் ஜோடியாக ஓடும், ஜோடிக்கு மூன்று மணி நேரம், நடுவர்கள் குதிரையில் பின்தொடர்வார்கள். நாய் நின்றதும் ஆள் போய்ப் பறவையை எழுப்பி, வெற்றுவேட்டு சுடுவார். நாய் அசையக்கூடாது. ஜோடி நாயும், இது நிற்பதைப் பார்த்த இடத்திலேயே நிற்கவேண்டும். எனக்கு இதுதான் போட்டியின் உயிர். வாசனையே எட்டாமல், இன்னொரு நாயின் மூக்கை நம்பி நிற்பது லேசா?

இங்கே பறவைக்குப் பதில் துணிப்பந்தை விசிறினோம். வேட்டுக்குத் தீபாவளியில் மிஞ்சிய சுருள் கேப்பு. ராணி கண்ணை மட்டும் சிமிட்டினாள். நண்பரின் ப்ரூனோ அவளைப் பார்த்தான், வேகம் குறைத்தான், அப்புறம் நைசாகச் சுற்றிப்போய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டான். திருட்டுப்பயல். நடுவர் இருந்திருந்தால் அப்போதே வெளியே அனுப்பியிருப்பார். நண்பரோ, “அவனும் நின்னான் இல்ல?” என்கிறார்.

அடுத்த வாரம் ப்ரூனோவை இழுத்து நிறுத்த நீளக் கயிறு.